நாய்ச் சோற்றின் முதல் கவளம்

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலை விட்டு வெளியே வந்த அமலோற்பவம் நேராக மீன் மார்க்கெட்டுக்குத்தான் போனாள். ஈஸ்டர் வரைக்கும் கவுச்சியை வாயில் வைப்பதில்லை என்று அன்று காலையில்தான் மாதா முன்னால் நேர்ந்திருந்தாள். மகள் ஃப்ளோரன்ஸுக்கு ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம். அது நல்லபடியாக நடக்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஒருசந்தி. மீன் அவளுக்கில்லை, நாய்க்கு.

சாம்பல் நெற்றியோடு மத்தியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவளை மீன்காரி காத்தாயி ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாக்கா, ஒருசந்தி காலைலயே முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். நாய்க்கு என்று சொன்னதை அவள் நம்பவில்லை. நாய்க்கு வாங்க வருகிறவர்கள் கழிவில் கிடக்கும் தலையையும் வாலையும் கேட்பார்கள். இப்படிச் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பொறுக்கமாட்டார்கள்.

நாய் ஆரணிப் பட்டுச்சேலை வியாபாரி பன்னீர்செல்வத்தின் வீட்டு நாய். பெயர் பிரின்ஸ். பொன்னிற முடியோடு கன்றுக்குட்டி போல இருந்ததை மருமகள் சூர்யகலா பெங்களூரிலிருந்து காரில் வைத்துக் கொண்டுவந்தாள். வந்த ஒரு வருடத்தில் அரிப்பெடுத்து, சொறிந்து சொறிந்து முதுகும் வயிறும் மொட்டையாகிவிட்டன. வேலூர் டாக்டர் பாக்கெட் தீனியை நிறுத்தச் சொல்லிவிட்டார். கோழியும் ஆகாது. வீட்டில் அவித்த மீனும் சோறும் மட்டும் கொடுங்கள், உள்ளிருந்து எண்ணெய்ச் சத்து ஏறினால் முடி தானாக முளைக்கும் என்றார். மீன் என்ற சொல்லைக்கூட உரக்கச் சொல்லாத வீடு அது. முட்டை வாங்கிய பை உள்ளே வந்தாலே பன்னீர்செல்வம் வாசலில் தண்ணீர் தெளிக்கச் சொல்வார். ஆகவே மீன் வேறு வீட்டில் வேகவேண்டும், வெந்தது பக்கவாட்டு கேட் வழியாக வரவேண்டும், நாய் போர்ட்டிகோவில் தின்னவேண்டும் என்று முடிவாயிற்று. அமலோற்பவம் ஞாபகத்துக்கு வந்தாள்.

அவள் ஆரணிக்குப் பக்கத்துச் சேவூர்க்காரி. கல்யாணமாகி வந்த நாள் முதல் பன்னீர்செல்வத்தின் தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்துவந்தாள். பட்டு நூலைக் குழலில் ஏற்றுகிற வேலை. நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரியவேண்டும். கண் மங்கியதும் பன்னீர்செல்வம் அவளைத் தன் குடோனைப் பெருக்கும் வேலைக்கு மாற்றினார். புருஷன் குடித்துச் செத்து வெகுகாலமாகிறது. கையில் ஓடிய பட்டு நூலையெல்லாம் சேர்த்து வைத்தால் ஆரணி டவுனையே சுற்றிக் கட்டலாம். உடம்பில் ஒரு முழம் ஏறியதில்லை.

பன்னீர்செல்வம் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னார். "நாய்க்கு முடி வந்துடட்டும்மா. உன் பொண்ணுக்குக் கல்யாணப் பொடவ என் கையால."

அவருக்கு அது போகிற போக்கில் சொன்ன வார்த்தை. அவளுக்கு அப்படியில்லை. தெள்ளாரில் நிச்சயம் நடந்தபோது மாப்பிள்ளை ஜோசப்ராஜின் அம்மா லிடியா டீச்சர் ஃப்ளோரன்ஸின் முந்தானையை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். "ஆரணியில இருந்துகினு ஆர்ட் சில்க்கா?" என்று சிரித்தாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஃப்ளோரன்ஸ் ஊர் திரும்பும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கோயிலுக்குள் மகள் நடக்கும்போது அவள் மேலிருப்பது அசல் பட்டாக இருக்கவேண்டும். லிடியா டீச்சர் தேய்த்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். அமலோற்பவத்துக்கு வேறு ஆசை கிடையாது. நாய்க்கு முடி முளைக்கவேண்டும், அவ்வளவுதான்.

மத்தி வேலை வாங்குகிற மீன். செதில் சீவி, குடல் எடுத்து, அலசி, இட்லித் தட்டில் வைத்து ஆவியில் வேகவைப்பாள். ஆறியதும் முள் எடுக்க உட்காருவாள். மயிர் போன்ற முள். கண் மங்கலாக இருந்ததால் விரலால்தான் தேடவேண்டும். சதையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, முன்பு நூலைத் தடவிப் பார்த்த மாதிரியே தடவிப் பார்ப்பாள். அப்புறம் குழைய வடித்த சோறு, வேகவைத்த பூசணி, துருவிய கேரட். உப்பு, வெங்காயம், மிளகாய் எதுவும் கூடாது. பிசைந்து டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறுவாள். ஒரு தரம் கண்டக்டர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "எங்களுக்கெல்லாம் இல்லியாம்மா?" என்றார். நாய்க்கு என்று அவள் சொன்னதும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

தினமும் அடுப்பில் மீன் வேகும்போது அவள் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டாள். நேர்ச்சை நேர்ச்சைதான். அதில் அவளுக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. ஒரு வாரத்தில் அந்தக் கர்வமும் போயிற்று.

பன்னீர்செல்வத்தின் தெருவில் யாரோ தெருநாய்களுக்கு விஷம் வைத்துவிட்டார்கள். விடிந்தால் சாக்கடையோரம் விறைத்துக் கிடந்தன. சூர்யகலாவுக்குத் தூக்கம் போயிற்று. வெளியிலிருந்து வருகிற சாப்பாட்டை எப்படி நம்பி வைப்பது? இதில் இன்னொரு சந்தேகமும் அவளுக்கு இருந்தது. வாங்குகிற மீனில் பாதி சேவூரிலேயே நின்றுவிடுகிறதோ என்பது. ஒரு மீனில் எவ்வளவு சதை தேறும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாததால் எவ்வளவு கொண்டுவந்தாலும் குறைவாகவே தெரிந்தது. கேரியரைத் திறந்த அமலோற்பவத்திடம் அவள் சொன்னாள்: "மொதல் வாய் நீங்க சாப்டுட்டு வைங்க. அப்பறம்தான் பிரின்ஸுக்கு."

அமலோற்பவம் தன் நேர்ச்சையைச் சொன்னாள். ஈஸ்டர் முடிந்தால் ஒரு வாய் என்ன, ஒரு தட்டே தின்று காட்டுகிறேன் என்றாள். சூர்யகலாவுக்குச் சிரிப்பு வந்தது. தன் காலேஜ் சிநேகிதி ஒருத்தி கிறிஸ்தவள், அவள் இந்த மாதத்தில் மீன் சாப்பிடுவாளே, உங்களுக்கு மட்டும் எப்படி ஆகாமல் போயிற்று என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். தவக்காலத்தில் இறைச்சிதான் கூடாது, மீன் தின்னலாம். தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டு இது என்பதை அமலோற்பவத்தால் விளக்க முடியவில்லை. விளக்கினாலும் விஷம் இருப்பதால்தான் மழுப்புகிறாள் என்றாகிவிடும்.

ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். உப்பில்லாத மீனும் பூசணியும். மென்றுகொண்டே குழாய்ப் பக்கம் போய்த் துப்பினாள். மறுநாளும் அப்படியே செய்தாள். மூன்றாம் தரம் சூர்யகலா பின்னாலேயே வந்தாள்.

"துப்பினா எப்பிடித் தெரியும்? முழுங்குங்க. முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டுங்க."

பன்னீர்செல்வம் உள்ளே திருநீறு பூசிக்கொண்டிருந்தார். அமலோற்பவம் வாயைத் திறந்து காட்டியது அவருக்கும் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொப்பளிக்கிற தண்ணீர் துளசிச் செடிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளம்மா என்று மென்மையாகச் சொன்னார். அவர் யாரையும் அதட்டிப் பேசுகிறவர் இல்லை.

பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் அவள் கோயில் சாமியாரிடம் சொன்னாள். வேலைக்காகச் செய்தது பாவமில்லை, ஆண்டவர் வயிற்றை எண்ணிக்கொண்டிருப்பதில்லை என்று அவர் சிரித்தார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாயின் மேல் அவளுக்குப் பிரியம் கிடையாது. கேட்டைத் தள்ளும் சத்தம் கேட்டாலே அது தாவி வந்து அவள் விரல்களை நக்கும். யாரும் பார்க்காதபோது அதன் காதைத் திருகுவாள். அதற்கும் வாலாட்டும். ஆனால் அதன் முதுகை அவளளவுக்கு யாரும் பார்த்ததில்லை. கருத்து வழவழவென்று கிடந்த தோலில் முதலில் பூஞ்சை போல ஒன்று படர்ந்தது. அப்புறம் மகரந்தம் போல மஞ்சளாக. தினமும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

இதற்கிடையில் சூர்யகலா ஃபோனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். பிரின்ஸின் முடி எப்படி வளர்கிறது, பிரின்ஸ் மதியம் என்ன சாப்பிடுகிறான் என்று தினம் ஒன்று போடுவாள். ஃபோன் ஓடாதபோது அமலோற்பவம் "இந்தாம்மா". ஓடும்போது "ஆன்ட்டி". எங்கள் வீட்டு ஆன்ட்டி ருசி பார்த்துச் சொன்னால்தான் பிரின்ஸ் சாப்பிடுவான் என்று கொஞ்சலாகச் சொல்வாள். சேலை கொடுக்க வந்த தறிக்காரர்கள் போர்ட்டிகோவில் நின்று பார்ப்பார்கள். அவர்களில் அன்பரசுக்கு அவள் வருடக்கணக்காகத் தார் சுற்றியிருக்கிறாள். "இன்னாக்கா, உப்பு ஒறப்பு சரியா கீதா?" என்று அவன் கேட்டான். அவளும் சிரித்துவைத்தாள்.

சிரித்ததும் வீடியோவில் பதிவாகியிருந்தது. ஒரு சாயங்காலம் லேபில் வேலை முடிந்து வந்த ஃப்ளோரன்ஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃபோனை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"தெள்ளார் பூரா பாத்துட்டாங்க."

சின்னக் கண்ணாடிக்குள் அமலோற்பவம் ஒரு கவளம் எடுத்தாள், மென்றாள், விழுங்கினாள், வாயை அகலத் திறந்து காட்டினாள். பக்கத்தில் நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தது. பின்னால் ஏதோ குதியாட்டப் பாட்டு. தன்னையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முதலில் கண்ணில் பட்டது ரவிக்கைத் தோளில் இருந்த கிழிசல்தான்.

வீடியோவை அனுப்பியவன் ஜோசப்ராஜ். கீழே ஒன்றும் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் லிடியா டீச்சரே கூப்பிட்டாள். சம்பந்தி உடம்பு நன்றாக இருக்கிறதா, மருந்து மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று அன்பாக விசாரித்துவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். "கல்யாணத்தன்னிக்கி பந்தியில நீங்க பரிமாற வேணாம் சம்பந்தி. எங்க ஜனங்க ஒரு மாதிரி. உங்க கையால வெச்சா தொடமாட்டாங்க. நீங்க ஒக்காந்துகினு இருந்தா போதும்."

"சரிங்க" என்றாள் அமலோற்பவம்.

ஃப்ளோரன்ஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நாளைக்கே போய் அதை அழிக்கச் சொல், அழிக்காவிட்டால் கேரியரை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடு என்றாள். பொடவ, என்று அம்மா இழுத்தாள்.

"பொடவையா? நாய் சோறு துன்னு வாங்கியாற பொடவய நான் கட்டிக்கினு கோயிலுக்குள்ள நடக்கணுமா? ஒனக்குத்தான் வெக்கமில்ல."

அன்று அவள் சாப்பிடவில்லை. அம்மா தொட்ட தட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தட்டை எடுத்து மறுபடி சோப்பு போட்டுக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.

மறுநாள் அமலோற்பவம் போனபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வேலூரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். டாக்டர் நாயைத் தடவிப் பார்த்து, இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டாராம். பிரின்ஸின் முதுகில் வெயில் பட்டு மின்னியது. பன்னீர்செல்வம் சொன்ன சொல் தவறாதவர். பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு சேலைகளை எடுத்துவைக்கச் சொல்லியிருந்தார். ஒன்று கிரீம், ஒன்று சந்தனக் கலர். இரண்டும் அசல். வெளிச்சத்தில் பிரித்துக் காட்டியபோது அமலோற்பவம் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்தும் தொடவில்லை.

முதலில் மகள் சொல்லியனுப்பியதைச் சொல்லவேண்டும். சொன்னாள். சூர்யகலா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"டெலீட்டா? எல்லாரும் பிரின்ஸவிட உங்களத்தான் கேக்கறாங்க ஆன்ட்டி." ஃபோன் ஓடாதபோதே ஆன்ட்டி என்றாள். அப்போதே அமலோற்பவம் சுதாரித்திருக்கவேண்டும். சூர்யகலா ஒரு யோசனை வைத்திருந்தாள். சேலையை பிரின்ஸே கொடுக்கட்டும். கவரை வாயில் கவ்விக்கொண்டு வந்து, தனக்குச் சோறு போட்டவளுக்கு நன்றி சொல்வது போல. அதைப் பார்த்தால் முன்னால் போட்டதெல்லாம் அழகாகிவிடும். "நீங்க கீழ மண்டி போட்டு உக்காந்துக்கங்க. சர்ச்சுல உக்கார்ற மாதிரி. அவன் உயரத்துக்கு இருக்கணும்ல."

அமலோற்பவம் பன்னீர்செல்வத்தைப் பார்த்தாள். அவர் சேலையின் ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சின்னப் பொண்ணு, ஆசப்படுது. ரெண்டு நிமிசம்தானேம்மா" என்றார்.

"வேணாம் மொதலாளி."

அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. யாரும் கோபப்படவில்லை. சூர்யகலா தோளைக் குலுக்கினாள். சேலைகள் மடிந்து கவருக்குள் போயின. கேட் வரைக்கும் போனவளை பன்னீர்செல்வம் கூப்பிட்டார். அவள் திரும்பினாள். நாளைக்கு மீனை மறந்துவிடாதே என்றார்.

பஸ் வரவில்லை. நடந்தாள். போகப் போக அவளுக்குள் ஏதோ லேசாயிற்று. மகளிடம் சொல்லவேண்டும். சேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன் என்று. சேவூர் ஏரிக்கரைக் காற்று பட்டபோது தெள்ளார்க்காரி பரிமாற வேண்டாம் என்றால் போகட்டும், பரிமாற நான் என்ன ஹோட்டல்காரியா என்றுகூடத் தோன்றியது. ஆர்ட் சில்க்கிலேயே நல்லதாக ஒன்று பார்த்துக்கொள்ளலாம்.

ஃப்ளோரன்ஸ் கட்டிலில் சாய்ந்து ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அமலோற்பவம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். மண்டி போடச் சொன்னதையும் சொன்னாள். தான் சொன்ன பதிலை மட்டும் இரண்டு தரம் சொன்னாள். மகளின் விரல் ஃபோனில் நின்றது.

"இன்னா கலரு?"

அமலோற்பவத்துக்குப் புரியவில்லை.

"பொடவ இன்னா கலருன்னு கேக்கறேன்."

"ஒண்ணு கிரீமு. இன்னொண்ணு சந்தனக் கலரு."

"பார்டரு?"

"பெரிய பார்டருதான். ஜரிக."

ஃப்ளோரன்ஸ் எழுந்து உட்கார்ந்தாள். முடியை அள்ளி முடிந்துகொண்டாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், வாசற்கதவைப் பார்த்துப் பேசினாள்.

"பாத்தவங்க எல்லாரும் பாத்துட்டாங்க. இனிமே புச்சா போறதுக்கு இன்னா கீது? நீ மண்டி போட்டாலும் ஒண்ணுதான், போடாங்காட்டியும் ஒண்ணுதான். எனக்குப் பொடவ இல்லன்னா மட்டும் லிடியா டீச்சர் சும்மா இருப்பாங்களா? போய் கிரீம வாங்கியா."

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு முடிந்த மறுநாள் அமலோற்பவம் எலுமிச்சை மூடியால் கையைத் தேய்த்துக் கழுவினாள். விரலிடுக்கில், நகக்கண்ணில், மணிக்கட்டுவரை. ரவிக்கையின் தோள் கிழிசலைத் தைத்துப் போட்டுக்கொண்டாள். கேரியரில் வழக்கம் போல மீன் சோறு. சூர்யகலா அவளைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. வருவாள் என்று தெரிந்தவள் போல போர்ட்டிகோவில் கோலம் போட்டு, பிரின்ஸின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தாள். தறிக்காரர்கள் இரண்டு பேர் சுவரோரம் நின்றார்கள். பன்னீர்செல்வம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் கவளம். விழுங்கினாள், வாயைத் திறந்து காட்டினாள். நாய் தின்று முடித்தது.

பிறகு மண்டியிட்டாள். சிமெண்ட் தரை முழங்காலில் குத்தியது. சூர்யகலா கிரீம் சேலையின் கவரை நாயின் வாயில் கொடுத்துவிட்டு, ஃபோனைச் சரிசெய்யத் திரும்பினாள். பிரின்ஸ் காத்திருக்கவில்லை. எலுமிச்சைக்கு அடியில் இருந்த வாசனை அதற்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒரே ஓட்டமாக வந்து கவரை அவள் மடியில் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் நக்க ஆரம்பித்தது.

"ஐயோ, இன்னும் ஆன் பண்ணவேயில்ல" என்றாள் சூர்யகலா. "ஆன்ட்டி, இன்னொரு வாட்டி."

சேலை அமலோற்பவத்தின் மடியில் இருந்தது. அவளுக்கென்று சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. நாலு பேர் பார்த்துமாகிவிட்டது. கேட் திறந்துதான் கிடந்தது, செருப்பும் பக்கத்தில்தான். எழுந்து நடந்தால் யாரும் கையைப் பிடித்து இழுக்கப்போவதில்லை. கவர் மேல் வழிந்திருந்த எச்சிலை முந்தானையால் துடைத்தாள். உள்ளே ஜரிகை தெரிந்தது. நல்ல வேலை. அன்பரசின் தறியாகத்தான் இருக்கும் போலிருந்தது.

பிறகு கவரை நாயின் வாயருகே நீட்டினாள். விளையாட்டு என்று நினைத்து அது பல்லை இறுக்கிக்கொண்டு வாலாட்டியது. அமலோற்பவம் தாடையின் இரண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்தினாள். வாய் திறந்தது. பல் பார்டரில் படாதபடி கவரைத் திருப்பி, மடிப்புப் பக்கமாக உள்ளே வைத்து மூடினாள்.

"ரெடியா சின்னம்மா?" என்று கேட்டாள்.